கிராண்ட் நேஷனல்: அதிகச் சுமை சுமக்கும் குதிரையை என் அட்டவணை ஏன் ஒதுக்குகிறது?

கேள்வி:

வணக்கம். நான் லிவர்பூலில் எயின்ட்ரீ மைதானத்துக்கு அருகில் வசிக்கிறேன். பந்தயம் கட்டும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் ஒவ்வோர் ஏப்ரலிலும் எயின்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனல் என்ற வேலி தாண்டும் குதிரைப் பந்தயத்துக்கு முன்பாக, ஓடவிருக்கும் குதிரைகளின் வாய்ப்பைக் கணித்து எழுதிவைப்பேன். இங்குள்ள பெரியவர்கள் சொல்லும் இரண்டு விதிகளே என் அட்டவணைக்கு அடிப்படை: 11 ஸ்டோனுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 70 கிலோவுக்கு மேல், சுமை (ஜாக்கி, சேணம் உட்பட) சுமக்கும் குதிரைக்கும், ஒன்பது வயது ஆகாத குதிரைக்கும் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். 2025-இல் எட்டு வயது நிக் ராக்கெட் 11 ஸ்டோன் 8 பவுண்டு சுமந்து வென்றது. 11 ஸ்டோன் 12 பவுண்டு சுமந்த ஐ ஆம் மேக்ஸிமஸ் இரண்டாவதாக வந்தது. இரண்டையுமே என் அட்டவணை கீழே தள்ளியிருந்தது. பிழை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதல் பதில்:

ஐயா, சுமையை நீங்கள் குறையாகக் கணக்கிடுகிறீர்கள். இது ஹேண்டிகேப் பந்தயம். குதிரையின் திறனை அளந்த பிறகே அதற்கு எவ்வளவு சுமை என்பதை அதிகாரி தீர்மானிக்கிறார். ஆகவே கூடுதல் சுமை என்பது, அந்தக் குதிரை ஏற்கெனவே தன் திறனைக் காட்டியிருக்கிறது என்பதற்கான சான்றும் ஆகும். 2015-இல் மெனி கிளவுட்ஸ் 11 ஸ்டோன் 9 பவுண்டும், 2019-இல் டைகர் ரோல் 11 ஸ்டோன் 5 பவுண்டும், 2024-இல் இதே ஐ ஆம் மேக்ஸிமஸ் 11 ஸ்டோன் 6 பவுண்டும் சுமந்து வென்றன.

பெரியவர்கள் சொன்னது பொய்யன்று. அவர்கள் பார்த்த பந்தயம் வேறு. 2012-இல் இரண்டு குதிரைகள் இறந்ததைத் தொடர்ந்து, வேலிகளின் உள்ளே இருந்த மரச்சட்டங்களை எடுத்துவிட்டு, வளைந்து கொடுக்கும் பொருளை வைத்தார்கள். 2024 முதல் 40 குதிரைகளுக்குப் பதிலாக 34 மட்டுமே ஓடுகின்றன; ஓடத் தேவையான குறைந்தபட்சத் தரமதிப்பீடும் (குதிரையின் திறனுக்கு அதிகாரி தரும் எண்) 125-லிருந்து 130-க்கு உயர்த்தப்பட்டது. விழுந்து புரளும் குதிரைகளுக்கு நடுவே எது தப்பிப் பிழைக்கும் என்ற கேள்வி சுருங்கி, எது உண்மையில் தரமான குதிரை என்ற கேள்வி பெரிதாகிவிட்டது. பழைய முடிவுகளையும் 2013-க்குப் பிந்தையவற்றையும் ஒரே பத்தியில் கூட்டுவதுதான் உங்கள் பிழை என்று கருதுகிறேன்.

இரண்டாம் பதில்:

முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சுமையை அடியோடு மறந்துவிடாதீர்கள். 1973 பந்தயத்தின் காணொளியைப் பாருங்கள். ரெட் ரம் என்ற குதிரையை விட 23 பவுண்டு கூடுதலாக, 12 ஸ்டோன் சுமந்த கிரிஸ்ப், வெகுதூரம் முன்னிலையில் இருந்தபடியே கடைசி வேலியைத் தாண்டியது. கடைசி வேலிக்கும் முடிவுக்கோட்டுக்கும் இடையிலுள்ள எல்போ வளைவை நெருங்கும்போது ஜாக்கி ரிச்சர்ட் பிட்மன் சவுக்கை எடுத்ததும் குதிரை இடப்பக்கமாகச் சாய்ந்தது. அதன் கால்கள் ஒவ்வோர் எட்டிலும் தளர்வதைக் கண்ணாலேயே காணலாம். ரெட் ரம்மிடம் முக்கால் குதிரை நீளத்தில் தோற்றது. வேலியே இல்லாத அந்தக் கடைசி 450 மீட்டரில்தான் சுமை தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. எனவே சுமையைத் தனியாக எடுக்காமல், நெடுந்தூரத் தாக்குப்பிடிப்புடன் சேர்த்துப் பாருங்கள்.

கிண்டியில் 1,200, 1,400 மீட்டர் ஓட்டங்களைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. முதலில் நானும் வேகத்தைத்தான் தேடினேன். இங்கே சுமார் 6.9 கிலோமீட்டர், 30 தாண்டல்கள். அதனால் இப்போது கடந்த பந்தயங்களின் காணொளியில் தரையிறங்கும் கணத்தையே கவனிக்கிறேன்: முன்னங்கால் ஊன்றியதும் மூக்கு தரையைத் தொடுமளவு குனிகிறதா, அல்லது தலை நிமிர்ந்தபடியே அடுத்த எட்டு விழுகிறதா? தாண்டும்போது வலப்பக்கம் விலகும் குதிரையை நான் மேலே வைப்பதில்லை. எயின்ட்ரீ இடப்பக்கச் சுற்று, கெனால் டர்ன் வேலியைத் தாண்டிய உடனே ஏறத்தாழச் செங்கோணத்தில் இடப்புறம் திரும்ப வேண்டும்.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சுகிறது. 2016-இல் வென்ற ரூல் தி வேர்ல்டு, அதற்கு முன் வேலி தாண்டும் பந்தயம் ஒன்றில்கூட வென்றதில்லையே. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

முதல் பதிலளித்தவர்:

வெற்றிகளை மட்டும் எண்ணினால் அது பூஜ்யம்தான். ஆனால் முந்தைய ஆண்டு ஐரிஷ் கிராண்ட் நேஷனலில் அது இரண்டாவதாக வந்திருந்தது. நெடுந்தூரத்தில், பெருங்கூட்டத்தோடு ஓடிப் பெற்ற இரண்டாமிடம், நாலைந்து குதிரைகளோடு ஓடிப் பெற்ற வெற்றியைவிடக் கனமானது. நிக் ராக்கெட்டையும் இப்படியே பார்க்கலாம்: அந்த ஆண்டு ஜனவரியில் கௌரன் பார்க்கில் தைஸ்டீஸ் சேஸ், பிப்ரவரியில் ஃபேரிஹவுஸில் பாபிஜோ சேஸ் என்று அயர்லாந்தின் இரண்டு வேலி தாண்டும் பந்தயங்களையும் வென்றுவிட்டுத்தான் எயின்ட்ரீக்கு வந்தது. பாபிஜோவை வென்று வந்த ஐ ஆம் மேக்ஸிமஸ்தான் 2024-இலும் வென்றது.

வயதைப் பற்றிய விதியையும் தளர்த்திவிடுங்கள். 2022-இல் நோபிள் யேட்ஸ் ஏழு வயதில் வென்றது. 1940-க்குப் பிறகு அந்த வயதில் வென்ற முதல் குதிரை அது.

கேட்டவர்:

சுமைக்கும் வயதுக்கும் குறைத்த மதிப்பெண்களை நீக்கி, ஐந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டங்களில் பெற்ற இடங்களுக்குக் கூடுதல் மதிப்பளித்து, 2025 பட்டியலை நேற்றிரவு மீண்டும் போட்டுப் பார்த்தேன். இரண்டு குதிரைகளும் முதல் ஆறு இடங்களுக்குள் வந்துவிட்டன. இனித் தரையிறங்கும் காட்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும்.