பத்தாவது ஆள் வர்ற வரைக்கும்

நர்சம்மா

கொரோனா சமயத்துல கிராமத்துப் பொம்பளைங்களுக்குத் தடுப்பூசி பத்தின விழிப்புணர்வே இல்லைன்னு இன்னிக்கும் யாராவது சொன்னா எனக்குச் சுருக்குன்னு கோபம் வரும். 2021ல விழுப்புரம் பக்கம் கிராம சுகாதார செவிலியரா இருந்தேன். நான் பார்த்ததைச் சொல்றேன்.

கோவிஷீல்டு தடுப்பூசி ஒரு குப்பியில 10 பேருக்கு மருந்து. திறந்துட்டா 4 மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், மீந்தா கொட்ட வேண்டியதுதான். வீணானா மேலேருந்து கேள்வி வரும். அதனால 10 பேர் சேராம மூடியைத் தொட மாட்டேன். மே மாசம் ஒருநாள், மாரியம்மன் கோயில் திண்ணையில ஒன்பது பேர் உட்கார்ந்தாச்சு. பத்தாவதா வந்த பொண்ணு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு தள்ளியே நின்னுச்சு. கிட்டப் போய்க் கேட்டா, "வீட்டுக்குத் தூரம் நர்சம்மா. முன்னால அஞ்சு நாள், பின்னால அஞ்சு நாள் போடக்கூடாதாமே?"

அது ஏப்ரல் கடைசியில கிளம்பின வாட்ஸ்அப் வதந்தி. பொய்யுன்னு மத்திய அரசே சொல்லிடுச்சு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள திண்ணையில இருந்த ஆயா முந்திக்கிச்சு: "முன்னால அஞ்சு, பின்னால அஞ்சு, நடுவுல அஞ்சு. பாதி மாசம் போச்சு. கொரோனா நாள் பாத்தா வருது?" எல்லாரும் சிரிச்சாங்க, அந்தப் பொண்ணும்தான். ஆனா "அடுத்த வாரம் வர்றேன்"னு நழுவிடுச்சு. அந்த வழியா வந்த பால்காரரைப் புடிச்சு உட்கார வெச்சுத்தான் குப்பியைத் திறந்தேன்.

ரெண்டு வாரம் கழிச்சு அது வீட்டுக்கே போனேன். அப்பத்தான் விஷயம் வெளிய வந்துச்சு. புருஷன் பெங்களூர்ல கட்டட வேலை. வீட்டுல ரெண்டு கறவை மாடு, நடமாட முடியாத மாமியார். "ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்குது. நான் படுத்தா யாரு பால் கறக்கறது? தூரம்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்கல்ல."

வதந்தியை அது நம்பவே இல்லைங்க.

திருப்பூர்க்காரி

எங்க அம்மா கதை வேற. ஊசிக்கு டோக்கன் வாங்கி வெச்சிருந்தாங்க. நடிகர் விவேக் ஏப்ரல் 15ஆம் தேதி ஊசி போட்டுக்கிட்டார், 17ஆம் தேதி தவறிட்டார். ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு டாக்டர்கள் சொன்னதை டிவியில நாங்க சேர்ந்துதான் பார்த்தோம். அம்மா ஒண்ணும் பேசலை, டோக்கனை மடிச்சு அரிசி டப்பாவுக்கு அடியில வெச்சிட்டாங்க.

நான் பனியன் கம்பெனி. 2020ல நாள் முழுக்க மாஸ்க் தைப்பேன், வீட்டுக்கு வரும்போது துப்பட்டாவைத்தான் சுத்திக்கிட்டு வருவேன். ஊசி போட்ட மறுநாள் படுத்தேன், சம்பளம் கட்.

ரெண்டு பையன் அம்மா

மே மாசம் எனக்கு ஏழாவது மாசம். போட்டுக்கறேன்னு நானே கேட்டேன், கர்ப்பிணிக்கு அனுமதி இல்லைன்னுட்டாங்க. ஜூலை 2ஆம் தேதி அனுமதி வந்துச்சு. உடனே மாமியார், "போன வாரம் வரைக்கும் கூடாதுன்னாங்க, இன்னிக்கு வா வாங்கறாங்க. இதுல எது நெஜம்?" அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆஸ்பத்திரியிலயும் "இப்ப போடலாம்"னுதான் சொன்னாங்க, ஏன்னு சொல்லலை. பிரசவம் முடிஞ்சுதான் போட்டுக்கிட்டேன். மாமியாரை எல்லாரும் பட்டிக்காடுன்னாங்க. கேட்டது நியாயமான கேள்வி.

ஓய்வுபெற்ற வாத்தியார்

எல்லாம் சரிம்மா. இருந்தாலும் கொஞ்சம் படிச்சிருந்தா இவ்வளவு பயம் இருக்குமா?

நர்சம்மா

சார், எங்க ஊர்ல ஊசிக்குப் பயந்து கொல்லைப்புறமா ஓடினவர் பி.எட். முடிச்சவர். பேர் சொல்ல மாட்டேன்.

அந்த மாட்டுக்காரப் பொண்ணு என்னாச்சுன்னு யாரும் கேக்கலையே! செப்டம்பர் 12, முதல் மெகா தடுப்பூசி முகாம். தமிழ்நாடு முழுக்க 20 லட்சம் இலக்கு வெச்சு 28 லட்சம் தாண்டின நாள். ஆளை எண்ண வேண்டிய வேலையே இல்லை, குப்பி குப்பியாத் திறந்தேன். ஞாயித்துக்கிழமைங்கறதால புருஷன் ஊருக்கு வந்திருந்தார். காலைக் கறவை முடிச்சிட்டு வந்து முதல் ஆளா உட்கார்ந்துச்சு. கை முட்டி வரைக்கும் சாணி வாசம். "சாயங்காலம் அவரு கறப்பாரு நர்சம்மா. நாளைக்கு ராத்திரி பஸ் ஏறிடுவாரு, அதுக்குள்ள காய்ச்சல் விட்டுடும்ல?"

மாத்திரை நாலு கூடுதலாவே குடுத்தேன்.