மேலே டேங்க் இருந்தும் ஷவரில் நூல் மாதிரிதான் தண்ணீர்

கேள்வி:
முதல் மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. 1000 லிட்டர் டேங்க் 3 அடி மேடையில் இருக்கிறது. வாளிக் குழாயில் நன்றாக வருகிறது, ஷவரில் மட்டும் நூல் மாதிரி. போர் தண்ணீர், உப்பு அதிகம். பிளம்பர் பிரஷர் பம்ப் போடச் சொல்கிறார். தேவையா?

பதில் 1:
பம்புக்கு அவசரப்படாதீங்க. ஷவர் தலையைக் கழற்றிவிட்டு வால்வைத் திறந்து பாருங்கள். வெறும் பைப்பில் தண்ணீர் கொட்டினால் அடைப்பு தலையில்தான். வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் குரோம் பூச்சு கெட்டுப்போகலாம். கழுத்தில் இருக்கும் வலை வாஷரையும் எடுத்துக் கழுவுங்கள், பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். திரும்ப மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்றுங்கள்.

பதில் 2:
உயரக் கணக்கையும் பாருங்க சார். 10 மீட்டர் உயரத் தண்ணீர் நின்றால்தான் சுமார் 1 பார் (அழுத்தத்தின் அளவு). ஷவர் 7 அடியில், கூரை 10 அடியில் என்றால் டேங்க் அடிமட்டம் வரை கிடைப்பது 6 அடிதான், 0.2 பார்கூட இல்லை. வாளிக் குழாய் தரையிலிருந்து 2 அடியில் இருப்பதால் அதற்கு இன்னும் 5 அடி கூடுதல். வித்தியாசம் அங்கேதான்.

டேங்க் காலியாகி நிரம்பிய பிறகு மோசமானதா? அப்படியானால் ஏர் லாக், அதாவது பைப்பில் காற்று சிக்கி நிற்கிறது. டேங்க் வால்வை அடுத்து காற்று வெளியேற ஒரு வென்ட் பைப் வேண்டும், அதன் திறந்த வாய் டேங்கின் உச்சிக்கு மேலே நிற்க வேண்டும். பழைய கேட் வால்வு (பலமுறை சுற்றித் திறப்பது) என்றால் உள்ளே தகடு கழன்று விழுந்திருக்கலாம். கைப்பிடி சுற்றும், வழி திறக்காது. பால் வால்வாக (ball valve, கால் சுற்றில் திறப்பது) மாற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கழற்றினால் நன்றாகக் கொட்டுகிறது. ஊறவைத்தும் பெரிய மாற்றமில்லை. 8 இன்ச் சதுர ரெயின் ஷவர்.

பதில் 2:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அந்த அகலத் தலைக்கு உங்கள் 6 அடி போதாது. 3 அல்லது 4 இன்ச் சாதாரணத் தலை மாட்டுங்கள்.

பதில் 3:
ரெயின் ஷவர்தான் வேண்டுமென்றால் பம்ப்தான் வழி. டேங்க் அவுட்லெட்டிலேயே பொருத்தினால் கீசர் லைனுக்கும் சேர்ந்து கிடைக்கும். பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் போட்டால் மிக்சர் குழாயில் சுடுதண்ணீரைப் பின்னுக்குத் தள்ளிவிடும். கரண்ட் போனாலும் தண்ணீர் வர, என்ஆர்வி (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) வைத்து, பம்பைச் சுற்றிப் போகும் ஒரு பைபாஸ் லைன் விடச் சொல்லுங்கள்.