மறு: ஸ்லாப் ஷாட் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

டொரன்டோவில் பிள்ளைகளை ஐஸ் ஹாக்கிக்கு அனுப்பும் பெற்றோருக்கான கையேட்டில் அடிவகைகள் பகுதி மட்டும் நிற்கிறது. ரிஸ்ட் ஷாட் ‘மணிக்கட்டு வீச்சு’, ஸ்நாப் ஷாட் ‘சுண்டடி’ என்று முடிவாகிவிட்டது. பந்துக்குப் பதிலாக ஆடும் தட்டையான பக் ‘வட்டு’தான், அதில் யாருக்கும் மறுப்பில்லை. மட்டையின் பாகங்கள்: பிடிக்கும் நீளப்பகுதி ‘தண்டு’, வட்டைத் தொடும் பகுதி ‘அலகு’, அலகின் இரு முனைகள் ‘குதி’, ‘நுனி’. மட்டையை ஓங்கி வட்டைப் பலமாக அடிக்கும் ஸ்லாப் ஷாட்டில்தான் இழுபறி. இதுவரை வந்தவை: அறைவீச்சு, ஓங்கடி, விளாசல், வில்லடி. ஆடத் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

– செ.

*

> அறைவீச்சு, ஓங்கடி, விளாசல், வில்லடி

‘விளாசல்’ முதலில் கழியட்டும். கிரிக்கெட் வருணனையில் அது எந்த முரட்டு அடிக்கும் பொருந்தும், ஓர் உத்திக்குப் பெயராகாது. ‘வில்லடி’ கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் தென் மாவட்டங்களில் வில்லடி என்றால் கோயில் கொடையில் நடக்கும் பாட்டு. மிச்சம் இரண்டு.

‘அறைவீச்சு’ என்றால் எதை அறைவது? வட்டை என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். இந்த அடியில் மட்டை முதலில் போய் விழுவது வட்டில் அல்ல, பனித்தரையில். வட்டுக்குப் பின்னே நாலு விரற்கடைக்கும் ஒரு சாணுக்கும் இடைப்பட்ட இடத்தில் அலகு தரையைத் தொட வேண்டும். தொட்டதும் அலகு தடைபடுகிறது, கைகளோ நிற்காமல் முன்னே போகின்றன, நடுவில் அகப்பட்ட தண்டு வளைகிறது. வளைந்த நிலையிலேயே அலகு வட்டைச் சேர்கிறது. தண்டு நிமிரும்போது அலகு கைகளின் வேகத்தை மிஞ்சிப் பாய்கிறது. வட்டும் அலகும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் நூறில் மூன்று நான்கு பங்குதான். அதற்குள் வளைவில் சேர்ந்த ஆற்றல் வட்டுக்குப் போய்விட வேண்டும்.

வட்டை நேரே அடித்தால் இது நடக்காது. வட்டின் எடை 156 முதல் 170 கிராம். அதன் மீது மோதுவதால் மட்டும் தண்டு போதிய அளவு வளையாது. சத்தம் பெரிதாக வரும், கை அதிரும், வட்டு சோம்பலாகப் போகும். கிரிக்கெட் ஆடிப் பழகிய பிள்ளைகள் செய்யும் முதல் பிழை இதுதான். நேர்மாறான பிழையும் உண்டு: தரையை ரொம்பப் பின்னால் தொட்டால் அலகு துள்ளி வட்டின் தலையை உரசிப் போகும், அல்லது வட்டை எட்டுவதற்குள் தண்டு நிமிர்ந்து முடிந்துவிடும்.

‘ஓங்கடி’ வாயில் இயல்பாக வருகிறது. ஆனால் பெயரிலேயே ஓங்கு என்று இருந்தால் மட்டை தலைக்கு மேலேதான் போகும். புதியவருக்கு இடுப்பு உயரம் போதும், கைவந்தவருக்குத் தோள் உயரம். அதற்கு மேல் போனால் வேகம் கொஞ்சம் கூடலாம், குறி அதைவிட அதிகமாகத் தவறும். எதிரணித் தடுப்பாளர் வந்து குறுக்கே விழுவதற்கும் நேரம் கொடுத்ததாகும்.

என் பரிந்துரை ‘ஊன்றடி’. ஊன்று + அடி, வினைத்தொகை. உடல் எடையை மட்டை வழியாகத் தரையில் ஊன்றி அடிப்பது. சொல்லைக் கேட்டாலே எதைச் செய்ய வேண்டும் என்று தெரியும்.

– மு.

*

> உடல் எடையை மட்டை வழியாகத் தரையில் ஊன்றி அடிப்பது

மு. ஐயா, சொல் நல்லாயிருக்கு. ஆனா மணிக்கட்டு வீச்சிலயும் மட்டையை ஊன்றித்தானே தள்ளுறம்? அங்கயும் தண்டு வளையுது. அப்ப ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் எண்டு பெற்றோர் கேட்டால் கையேடு என்ன சொல்லும்?

இன்னொண்டு. இங்க ஐஸ் ஹொக்கி ஆடுற பிள்ளையள் வீட்டில தமிழ் கதைச்சாலும் ஸ்லாப் ஷொட் எண்டுதான் சொல்லுவினம். புதுச்சொல்லைப் போட்டாலும் பழக்கத்தில உள்ளதையும் பக்கத்தில போடுங்கோ.

– த.

*

த., கேள்வி சரியானது. மணிக்கட்டு வீச்சில் அலகு ஆரம்பம் முதலே வட்டோடு ஒட்டியிருக்கிறது, எடை படிப்படியாக ஏறுகிறது, வட்டு அலகில் உருண்டபடி வெளியேறுகிறது. இங்கே அலகு உயரத்திலிருந்து வேகத்தோடு இறங்கி, முதலில் தரையில் ஊன்றி, அப்புறம்தான் வட்டைத் தொடுகிறது. அங்கே வட்டைத் தள்ளுகிறோம், இங்கே அடிக்கிறோம். ‘வீச்சு’, ‘அடி’ என்ற பின்பகுதி அந்த வேற்றுமையைச் சொல்லிவிடுகிறது. ‘ஓங்கி’யைப் பெயரில் போடாமல் முதல் கட்டத்தின் பெயராக வைக்கலாம்: ஓங்கல், ஊன்றல், விடுப்பு (தண்டு நிமிர்ந்து வட்டு விடுபடுவது), தொடர்வீச்சு (அடித்த பிறகும் மட்டை முன்னே போவது).

கையேட்டுக்காகக் கட்டங்களை எழுதிப் பார்த்தேன். முன் தோள் குறியைப் பார்த்திருக்க, வட்டு இரு கால்களுக்கு நடுவில், முன்காலின் குதிகால் பக்கமாக இருக்கட்டும். முன்னால் தள்ளியிருந்தால் கை எட்டாமல் வட்டின் மேல்பாகத்தில் அடிபடும், பின்னால் போனால் எடை மாறுவதற்கு முன்பே அடி முடிந்துவிடும். மேல்கை தண்டின் உச்சியில், உடம்பை விட்டு விலகி. கீழ்க்கையை மணிக்கட்டு வீச்சுக்குப் பிடிப்பதைவிடக் கீழே இறக்கி, முழங்கையை ஏறக்குறைய நீட்டி, இறுக்கிப் பிடிக்க வேண்டும். வளைவு பிறப்பது இந்தக் கீழ்க்கையின் அழுத்தத்தில்தான். ஊன்றும் நொடியில் அந்தப் பிடி தளர்ந்தால் தண்டு வளையாது, அலகு கையிலேயே திரும்பிக்கொள்ளும்.

ஓங்கும்போது எடை பின்காலில், இறக்கும்போது முன்காலுக்கு. முன் முழங்கால் மடங்கியே இருக்கட்டும், நிமிர்ந்தால் அலகு தரையை எட்டாமல் வட்டின் மேலே போகும். அலகின் நடுப்பகுதியில், குதிப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, வட்டு பட வேண்டும். நுனியில் பட்டால் அலகு பின்னுக்குத் திரும்பி வட்டு தள்ளாடிக்கொண்டு பக்கவாட்டில் போகும். தொடர்வீச்சில் அலகின் நுனி குறியைக் காட்ட வேண்டும்: தாழ்வாக நின்றால் தாழ்வான அடி, மேலே போனால் உயரமான அடி. பட்ட நேரத்தில் மணிக்கட்டைச் சுழற்றி அலகின் முகத்தைத் தரைப்பக்கம் கவிழ்த்து மூடாதவர்களின் வட்டு கோலுக்கு மேலே, ஆடுகளத்தைச் சுற்றியுள்ள கண்ணாடியில் போய் மோதும். கண் வட்டை விட்டு நகரக் கூடாது. குறியைப் பார்க்கத் தலை நிமிர்ந்தால் முன் தோளும் கூடவே நிமிரும்.

பயிற்சியைத் தலைகீழாகத் தொடங்கலாம் என்பது என் எண்ணம். முதலில் ஓங்காமலே, அலகை வட்டுக்கு ஒரு சாண் பின்னே தரையில் வைத்து, எடையைப் போட்டுத் தண்டு வளைவதைக் கண்ணால் பார்த்து விடுவது. அது வந்த பிறகு முழங்கால் உயரம், பிறகு இடுப்பு உயரம். நிற்கும் வட்டில் வராத வரை ஓடும் வட்டுக்குப் போக வேண்டாம்.

– மு.

*

அடிவகையோடு சேர்த்து மட்டையின் ஃபிளெக்ஸ் எண்ணையும் முடித்துவிடலாம். வரைவில் ‘நெகிழ்வெண்’ என்று இருக்கிறது. அது தலைகீழ்ப் பொருள் தரும். தண்டை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதே அந்த எண். எண் கூடினால் மட்டை விறைப்பு, குறைந்தால் நெகிழ்வு. ‘நெகிழ்வெண் 100’ என்று படிப்பவர் நன்றாக வளையும் மட்டை என்று நினைத்து வாங்கிவிடுவார். ‘விறைப்பெண்’ என்று மாற்ற வேண்டும்.

ஊன்றடி சரியாக வராததற்கு உத்தியைக் குறை சொல்லுமுன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். பொதுவான கணக்கு, உடல் எடையைப் பவுண்டில் எடுத்துப் பாதி. 70 கிலோ என்றால் 154 பவுண்டு, 75 ஒட்டிய மட்டை பொருந்தும். 35 கிலோ பிள்ளைக்கு 40 போதும். அண்ணனின் 85 மட்டையை நீளம் குறைத்துத் தம்பிக்குக் கொடுப்பது வீடுகளில் நடப்பதுதான், ஆனால் அறுக்க அறுக்கத் தண்டு இன்னும் விறைக்கும். 85 என்று அச்சிட்ட மட்டையில் 5 செ.மீ. போனாலே 90-ஐத் தாண்டிவிடும். அந்தப் பிள்ளை எப்படி ஊன்றினாலும் அது வளையாது. ரொம்ப நெகிழ்வானதும் உதவாது, அலகு பின்தங்கி வட்டு குறி தப்பும்.

என்.ஹெச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்) போன்றவற்றின் சாதனைகளைக் கையேட்டில் சேர்ப்பதானால் ஒரு எச்சரிக்கையோடு சேருங்கள். 2012 ஆல்-ஸ்டார் போட்டியில் ஸ்டெனோ காரா அடித்தது மணிக்கு 108.8 மைல், அதாவது சுமார் 175 கி.மீ. 2020-இல் அதற்கு அடுத்த நிலை லீக்கான ஏ.ஹெச்.எல்.-இன் திறன் போட்டியில் மார்ட்டின் ஃபர்க் 109.2 மைல். இவை நிற்கும் வட்டை, தடுப்பார் இல்லாமல், சறுக்கி வந்து அடித்தவை. காராவின் உயரம் 206 செ.மீ. என்பதையும் மறக்க வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது அளவுகோல் அல்ல.

– இரா.

*

‘விறைப்பெண்’ ஏற்றேன். எதிர்ப்பு வராவிட்டால் கையேட்டில் இப்படிப் போகும்:

ஊன்றடி (பெ.): ஸ்லாப் ஷாட். ஐஸ் ஹாக்கியில் மட்டையை ஓங்கி, வட்டுக்குப் பின்னே பனித்தரையில் அலகை ஊன்றித் தண்டை வளைத்து, அது நிமிரும் விசையால் வட்டை அடிக்கும் முறை. கட்டங்கள்: ஓங்கல், ஊன்றல், விடுப்பு, தொடர்வீச்சு.

த. சொன்னபடி எல்லா இடத்திலும் முதல் தடவை ‘ஸ்லாப் ஷாட்’ கூடவே வரும்.

அடுத்து ஒன்-டைமர். வரும் வட்டை நிறுத்தாமல் அப்படியே அடிப்பது. என்.ஹெச்.எல். ஆட்டக்காரர் அலெக்சாண்டர் ஒவெச்கின் பனித்தரையில் வரைந்த இடப்பக்க வட்டத்தில் நின்று அடிப்பாரே, அது. வலக்கை ஆட்டக்காரரானதால் வலப்பக்கத்திலிருந்து வரும் வட்டைப் பார்த்தபடி அவர் அலகின் முகம் திறந்திருக்கிறது. ‘நேரடி’ என்றால் வேறு பொருளுக்குப் போய்விடும். ‘எதிரடி’, ‘ஏற்றடி’ இரண்டில் எது? ‘ஏற்றடி’யில் வட்டை ஏற்று நிறுத்துவதாகத் தொனிக்கிறதோ என்று எனக்கு ஐயம். மு. ஐயா, உங்கள் கருத்து?

– செ.