நிழல் எல்லாம் கரியாகிப் போகிறது: குசினி ஓவியத்துக்கு உதவி தேவை

ஒட்டுசுட்டான் பெடியன்:
அம்மம்மாவின் பழைய குசினியை அக்ரிலிக்கில் வரைகிறேன். மண்சுவர், கிடுகுக் கூரை, சாணம் மெழுகிய தரை. நிழலுக்குக் கறுப்புக் கலந்தேன், அடுப்படி முழுக்கக் கரி பூசியது மாதிரி இருக்கிறது. சுவரோ பிளாஸ்ரிக் வாளி மாதிரி வழுவழுப்பு. போதாக்குறைக்கு இந்த வெயிலுக்குத் தட்டிலேயே பெயின்ற் காய்ந்துவிடுகிறது. போனில் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் வரைகிறேன்.

கிளிநொச்சி சித்திர ரீச்சர்:
தம்பி, முதல் பிழை அந்தப் போன் படம். வெயில் பட்ட இடத்துக்கு அளவெடுத்து, நிழலைக் கறுப்பாக்கிவிடும். குசினிக்குள் போய்ப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். கண் பழகியதும் நிழலுக்குள் நிறம் தெரியும். வாசல் பக்கம் வானத்து நீலம் படியும். கூரையின் அடிப்பக்கம், முற்றத்துச் செம்மண்ணில் பட்டு எழும்பும் வெளிச்சத்தால் சிவந்திருக்கும். கறுப்பு ரியூப்பை மூடி வையுங்கள். அல்ட்ராமரைன் நீலமும் பேர்ன்ட் அம்பர் என்ற கடும் பழுப்பும் கலந்தாலே நல்ல இருட்டு வரும். வாசலுக்கு நீலத்தைக் கூட்டுங்கள், அடுப்படிக்குப் பழுப்பை. அக்ரிலிக் காய்ந்ததும் கொஞ்சம் கறுக்கும், அதையும் கணக்கில் எடுங்கள்.

மாங்குளம் போர்ட் எழுதுகிறவர்:
மணலை அரித்துக் கழுவிக் காயவைத்து ஜெஸோவில் (வரைய முதல் அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) கலந்து பூசுங்கள். கடல்மணல் வேண்டாம், உப்பு. சுவர் முழுக்கப் பூசினால் மேசன் வேலையாகிவிடும். வெயில் சாய்ந்து உரசும் இடத்துக்கு மட்டும் போதும். அதன்மேல் தண்ணீர் தொடாத தூரிகையால் ஓக்கரை, அதாவது மண் மஞ்சளை, இழுத்தால் மேடுகளில் மட்டும் பிடிக்கும். இருட்டில் சொரசொரப்புத் தெரியாது, அங்கே மெல்லியதாக விடுங்கள். தட்டில் ஈரத்துணி, அதன்மேல் கேக் சுடும் தாள் விரித்துக் கலந்தால் கெதியாகக் காயாது.

ஒட்டுசுட்டான் பெடியன்:
நன்றி அண்ணை. தரையில் விழும் வெயில் பொட்டுகளைக் கூரை ஓட்டை மாதிரியே கிழிசலாகப் போட்டேன். கடதாசி ஒட்டியதுபோல் இருக்கிறது.

கிளிநொச்சி சித்திர ரீச்சர்:
ஓட்டை சின்னது என்றால், அது எந்த வடிவமாக இருந்தாலும் தரையில் விழுவது சூரியனின் உருவம். ஒளி 3 மீட்டர் கடந்து வந்தால் பொட்டு ஏறத்தாழ 3 சென்ரிமீட்டர் அகலம் இருக்கும். காலை வெயில் சாய்வு, அதனால் நீண்டு விழும். ஓரத்தை மங்கலாக விடுங்கள். வெறும் வெள்ளை சுண்ணாம்பு மாதிரி நிற்கும், ஒரு துளி மஞ்சள் சேருங்கள்.

ஒட்டுசுட்டான் பெடியன்:
போய் இருந்து பார்த்தேன் ரீச்சர். எல்லாம் முட்டை வடிவம்தான்! கூரை அடியும் சிவப்பு, அடுப்புக்கு மேலே மட்டும் புகை பிடித்து மினுங்குகிறது. சும்மா இருக்கத்தான் முடியவில்லை. அம்மம்மா தேங்காயையும் திருவலையையும் கையில் தந்துவிட்டார்.