முகப்போடு நின்றுபோன கணக்கெடுப்பு

காரைக்குடி, ஓய்வுபெற்றவன்:
தொழுநோய்க் கணக்கெடுப்புல பல வருஷம் வேலை பார்த்தவன். கூலிவேலைக்காரங்க வீட்டுல சட்டையைக் கழற்றுங்கன்னா கழற்றிருவாங்க. பேனா முனையால தேமலைத் தொட்டு, உணர்ச்சி இருக்கான்னு பார்த்துரலாம். பெரிய வீடுகள்ல முகப்போட சரி. "இங்க அதெல்லாம் கிடையாது தம்பி"ன்னு ஆச்சி மோர் கொடுத்து அனுப்பிருவாங்க. உள்கட்டு வளவுக்குள்ள யார் இருக்காங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? நோட்டுல "நோய் இல்லை." அந்தக் கணக்கை இன்னிக்கும் நான் நம்புறதில்லை.

1999-ல ஒரு விசேஷ வீட்டுச் சமையல்காரர். கொதிக்கிற சட்டியைத் துணி பிடிக்காம இறக்குவார், "கைப்பழக்கம்"னு பெருமை வேற. சுண்டுவிரல் மடங்கியிருந்துச்சு, முழங்கை நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருந்துச்சு. தொழுநோய்க்கான ரெண்டு வருஷக் கூட்டு மருந்தை ஒரு வருஷமாக் குறைச்சிருந்த சமயம். மூணாம் மாசமே நிறுத்திட்டார். அதுல குளோஃபசிமின் தோலைக் கறுக்க வைக்கும். "முகம் கறுத்தா எவன் சார் சமைக்கக் கூப்பிடுவான்?" இருட்டினப்புறம் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, ஒருவழியா முடிச்சோம். நோய் போச்சு. விரல் நிமிரல.

தேவகோட்டைப் பெண்:
நீங்க முகப்புல மோர் குடிச்சீங்க, நான் உள்ள இருந்தேன் ஐயா. எங்க அயித்தைக்குப் பின்கட்டுல தனித்தட்டு. பெண் பார்க்க வர்ற அன்னைக்கு வெளிய பூட்டு. மருந்து முடிஞ்சு பல வருஷம் ஆகியும் அதே தட்டுதான். மாமா ஏற்கனவே விட்டுட்டுப் போயிருந்தார். 2019 வரைக்கும் விவாகரத்துக்கு இந்த நோயே சட்டப்படி ஒரு காரணம்னு பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

புதுவயல் மில்காரன்:
எங்க அரிசி மில்லுல பீகார்ப் பையன் ஒருத்தன். முதுகுல வெளுத்த தேமல். படைன்னு நினைச்சு ஆறு மாசம் களிம்பு தடவியிருக்கான். அரிச்சிருந்தாலாவது முன்னாடியே காட்டியிருப்பான். ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை ஆரம்பிச்சாங்க. அஞ்சாம் மாசம் சத் பூஜைக்கு ஊருக்குப் போனவன் வரல, போனும் எடுக்கல. இவங்கதான் இங்க கொண்டு வர்றாங்கன்னு ஊருக்குள்ள பேச்சு.

காரைக்குடி, ஓய்வுபெற்றவன்:
பீகார், சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கம் இன்னும் அதிகம்தான். ஆனா 1980-கள்ல அந்த வரிசையில நம்ம தமிழ்நாடும் இருந்துச்சு. அப்ப எந்த ரயில்ல வந்துச்சாம்? 2005 டிசம்பர்ல நாடு முழுக்கப் பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழ வந்ததும், ஒழிஞ்சே போச்சுன்னு எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. இந்தக் கிருமி உள்ள போய் வெளிய தெரியவே சராசரியா அஞ்சு வருஷம் ஆகும், சிலருக்கு இருபது. அது கிடக்கட்டும். அந்தப் பையனோட ஒரே ரூம்ல படுத்தவங்க எத்தனை பேர்? கூட இருந்தவங்களுக்கு நோய் வராம தடுக்க ஒரே வேளை ரிஃபாம்பிசின் மருந்து கொடுக்கிற முறை இருக்கே, கொடுத்தாங்களா?

புதுவயல் மில்காரன்:
எட்டுப் பேர் அண்ணே. யாரும் கேக்கல, நானும் சொல்லல. இப்ப அஞ்சு பேர்தான் இருக்காங்க.