எண்ணிடத்தக்க இறுக்கமா, எண்ணுறைக் கச்சிதமா?

நண்பர்களே,

இடத்தியலில் (டோபாலஜி) வரும் 'காம்பாக்ட்' என்பதற்குத் தமிழில் 'இறுக்கம்' போதும் என்று எழுதியிருந்ததை முந்தைய மடலில் பார்த்தேன். (ஒரு வெளியை முழுதும் போர்த்தும் திறந்த கணங்களின் தொகுப்பு திறந்த உறை; எந்தத் திறந்த உறையிலும் முடிவுறு எண்ணிக்கையே போர்த்தப் போதும் என்றால் வெளி 'காம்பாக்ட்'.) சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சார்புவெளிகள் பக்கம் போனதும் காலை வாரிவிடும்.

[0,1] மீதான தொடர்ச்சியான மெய்மதிப்புச் சார்புகளை எல்லாம் திரட்டி, புள்ளிவாரி ஒருங்கலுக்கு உரிய இடத்தியலைக் கொடுப்போம். இந்த வெளி 'கவுண்டபிளி காம்பாக்ட்' அல்ல; அதாவது, எண்ணிடத்தக்க (1, 2, 3 என்று வரிசையிட முடிகிற) திறந்த உறைகளுக்குக்கூட அந்தப் பண்பு இதற்கு இல்லை. மாறிலிச் சார்புகள் மெய்யெண் கோட்டின் மூடிய நகலாக அதற்குள்ளேயே கிடக்கின்றன; வெளிக்கு அப்பண்பு இருந்தால் அதன் மூடிய பகுதிக்கும் இருந்தாக வேண்டும். கோட்டை (−1,1), (−2,2), (−3,3) என்று போர்த்திக்கொண்டே போனால், அவற்றில் முடிவுறு எண்ணிக்கை எதுவும் போதாது. அதே வெளிக்கு எண்ணிடத்தக்க 'டைட்னஸ்' உண்டு. அதாவது, ஒரு கணத்தின் அடைப்பில் (க்ளோஷர்) உள்ள எந்தச் சார்பும் அக்கணத்தின் எண்ணிடத்தக்க உட்கணம் ஒன்றின் அடைப்பிலேயே இருக்கும். [0,1], அதன் சதுரம், கனசதுரம் என எல்லா அடுக்குகளும் லிண்டலோஃப் வெளிகள் (எந்தத் திறந்த உறையிலும் எண்ணிடத்தக்க உள்ளுறை உள்ளவை). ஆர்ஹாங்கெல்ஸ்கி–பித்கீவ் தேற்றத்தின்படி அது போதும். இத்தனைக்கும் இந்தச் சார்புவெளியில் எந்தப் புள்ளிக்கும் எண்ணிடத்தக்க அண்மை அடிப்படை (புள்ளியின் ஒவ்வொரு அண்மைக்குள்ளும் ஒன்றாவது அடங்கும்படியான அண்மைகளின் தொகுப்பு) கிடையாது.

'டைட்னஸ்' என்பதை இறுக்கம் என்றுதானே சொல்லத் தோன்றும்? அப்புறம் 'இவ்வெளிக்கு எண்ணிடத்தக்க இறுக்கம் உண்டு, ஆனால் எண்ணிடத்தக்க இறுக்கம் இல்லை' என்று எழுத வேண்டியதுதான்.

'செறிவு' வேண்டாம், 'டென்ஸ்' கணத்தை ஏற்கெனவே செறிந்த கணம் என்கிறோம். என் ஓட்டு 'கச்சித'த்துக்கு. தையற்காரர் சொல் என்று ஒருவர் கேலி செய்தார். செய்யட்டும். 'காம்பாக்ட்' என்ற சொல்லைக் கணிதத்துக்குக் கொண்டுவந்த ஃப்ரெஷே 1906 ஆய்வேட்டில் கையாண்டதும் பிரெஞ்சில் புழங்கிய சாதாரணச் சொல்தான்.

'கவுண்டபிளி' விஷயத்தில்தான் எனக்குக் கூடுதல் கவலை. 'எண்ணிடத்தக்க கச்சிதம்' என்றால் கச்சிதத்தையே எண்ணுவது போலாகிறது; எண்ணிடுவது உறையில் உள்ள திறந்த கணங்களை அல்லவா? ஆகவே 'எண்ணுறைக் கச்சிதம்': எண்ணிடத்தக்க திறந்த உறை ஒவ்வொன்றிலும் முடிவுறு உள்ளுறை ஒன்று இருக்கும் என்ற வரையறை சொல்லிலேயே தெரிகிறது. ('எண்ணத்தக்க' வேண்டாம், 'நினைக்கத்தக்க' என்றும் படிக்கலாம்.)

சரி, 'சூடோகாம்பாக்ட்'டுக்கு என்ன செய்வது? அப்படிப்பட்ட வெளியின் மீதான தொடர்ச்சியான மெய்மதிப்புச் சார்பு ஒவ்வொன்றும் வரம்புற்றது. 'போலிக் கச்சிதம்' திட்டுவது போல இருக்கிறது. 'சார்புவழிக் கச்சிதம்' எப்படி?