பழைய தண்ணீர் மீட்டர் மெதுவா ஓடுமா, வேகமா ஓடுமா?

சோதனைமேசை:
நேத்து ஒருத்தர் இங்கே எழுதியிருந்தார்: "ஊர்ல பழைய மீட்டரை எல்லாம் மாத்தப்போறாங்க, நல்லதுதான். பழசு வேகமா ஓடி நம்மை ஏமாத்துது, புதுசு வந்தா பில் குறையும்." படிச்சதும் எனக்குத் தலை சூடாயிடுச்சு. இருபது வருஷத்துக்கு மேல மீட்டரைச் சோதிக்கிற மேசையில நின்னவன் நான். உள்ளே இறக்கை தேயும், அச்சு தேயும், பல்சக்கரத்துல அழுக்கு சேரும். தேஞ்ச மீட்டர் மெதுவாத்தான் ஓடும், அதாவது போன தண்ணியை விடக் குறைவாத்தான் காட்டும். மாத்தினா பில் ஏறத்தான் செய்யும்.

மேல்மாடி:
அந்த "ஒருத்தர்" நான்தான். நேராவே என்னைத் திட்டலாம் சார். எங்க வீட்டுல தண்ணி வர்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் வெறும் காத்து சீறும். ஒரு சொட்டு விழாது, முள் மட்டும் பம்பரமா சுத்தும். இதுக்குப் பேர் மெதுவா?

சோதனைமேசை:
காத்து போனா புது மீட்டரும் சுத்தும். இறக்கை வெச்ச மீட்டருக்குக் காத்து எது தண்ணி எதுன்னு தெரியாது. அது விட்டு விட்டுத் தண்ணி விடுறதால வர்ற கோளாறு. காத்தை வெளியேத்துற ஏர் வால்வைச் சரியான இடத்துல வைக்கச் சொல்லுங்க. மீட்டர் பழசானதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

மேல்மாடி:
ஆக, வேகமா ஓடுதுன்னு ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

சோதனைமேசை:
ஒத்துக்கல. மெதுவாத்தான் ஓடும்.

கணக்கேடு:
ரெண்டு பேரும் முள்ளையே பாருங்க. அனுப்புற தண்ணிக்கும் பில் போடுற தண்ணிக்கும் நடுவுல காணாம போறதுல மீட்டர் பிழை ஒரு பங்குதான். தெருக்குழாய்க் கசிவு, திருட்டு இணைப்பு, ரீடிங்கைத் தப்பா குறிக்கிறது எல்லாம் எங்கே போச்சு? முதல்ல வயசு வாரியா கொஞ்சம் மீட்டரைக் கழட்டிச் சோதிங்க. நிறையத் தண்ணி எடுக்குற பெரிய இணைப்புகளை முதல்ல மாத்துங்க. எல்லா வீட்டையும் ஒரே நேரத்துல தோண்டணுமா?

சோதனைமேசை:
கணக்கேடு சார், முன்னாடி இங்கே நடந்த பம்பு விவாதத்துலயும் இப்படித்தான் நடுவுல வந்து திசை திருப்பினீங்க. நான் மறக்கல. கேட்டுக்கோங்க. தண்ணீர் மீட்டருக்கான உலகத் தரநிலை ஐஎஸ்ஓ 4064-ன்படி இரண்டாம் வகுப்பு மீட்டர் மேல் ஓட்டத்துல 2 சதவீதம், கீழ் ஓட்டத்துல 5 சதவீதம்தான் கூடவோ குறையவோ காட்டலாம். நிரந்தர ஓட்டம், அதாவது தொடர்ந்து சரியா அளக்கக்கூடிய அதிகபட்ச ஓட்டம், மணிக்கு 2,500 லிட்டர், ஆர்80 அப்படின்னு போட்ட மீட்டருக்குக் கீழ் எல்லை அதுல எண்பதுல ஒரு பங்கு, மணிக்கு 31.25 லிட்டர். அதுக்குக் கீழ புதுசுக்கே உத்தரவாதம் கிடையாது. இப்ப மாடித் தொட்டியை நினைச்சுப் பாருங்க. தொட்டி நிரம்ப நிரம்ப மிதவை வால்வு மூடிக்கிட்டே வரும், தண்ணி நூல் மாதிரி இறங்கும். அந்த நூலைத்தான் தேஞ்ச மீட்டர் பார்க்கவே பார்க்காது. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகுற குழாயில ஒரு நாளைக்கு இருபது லிட்டர் கிட்ட போகுது, மீட்டர்ல ஒரு கோடு கூட நகராது. அந்தத் தண்ணிக்கான காசை யார் கட்டுறா? ஒழுங்கான மீட்டர் வெச்சிருக்கிற பக்கத்து வீட்டுக்காரர்தான்!

வால்வுசாவி:
அண்ணே, குறுக்கே பேசுறதுக்கு மன்னிக்கணும். மல்டிஜெட் மீட்டர்ல, அதாவது பல துவாரம் வழியா தண்ணி பாய்ஞ்சு இறக்கையைச் சுத்துற மீட்டர்ல, சுத்துற அறைக்குப் போற துவாரங்கள்ல உப்பு படிஞ்சா துவாரம் சுருங்கிடும். அப்ப தண்ணி பீய்ச்சி அடிச்சு இறக்கை வேகமாத்தான் சுத்தும். நானே கழட்டிப் பார்த்திருக்கேன்.

மேல்மாடி:
கேட்டீங்களா! கையில ஸ்பேனர் பிடிச்சவரே சொல்றார். வேகமா ஓடும், வேகமா ஓடும், வேகமா ஓடும்.

சோதனைமேசை:
தம்பி, அது உப்புப் படிவு பண்ற வேலை, தேய்மானம் இல்ல. நூறு மீட்டர் கழட்டினா எத்தனை அப்படி இருந்துச்சுன்னு சொல்லு.

வால்வுசாவி:
எண்ணி வைக்கல அண்ணே. பார்த்தேன்னுதான் சொன்னேன்.

சோதனைமேசை:
எண்ணாம பேசாதே.

சொல்லாய்வு:
எல்லாரும் "மீட்டர்", "மீட்டர்" என்றே எழுதுகிறீர்கள். நீர்மானி என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதே?

மேல்மாடி:
நீர்மானின்னு சொன்னா காத்துல சுத்தாதா ஐயா?

சொல்லாய்வு:
மொழியைக் கிண்டல் செய்வோரிடம் பேச எனக்கு விருப்பமில்லை. "பில்" என்பதற்கும் பட்டியல் என்ற சொல் உண்டு.

கணக்கேடு:
நான் கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லல. அப்புறம், பம்பு விவாதத்துல நான் சொன்னதுதான் சரி.

மேல்மாடி:
விடுங்க. இன்னிக்குக் காலையில நூறு லிட்டர் ட்ரம்மை மீட்டருக்கு அப்புறம் வர்ற குழாயில வெச்சு நிரப்பினேன். மீட்டர் 104 காட்டுச்சு. படம் எடுத்து வெச்சிருக்கேன். இப்ப என்ன சொல்றீங்க?

சோதனைமேசை:
குழாயை முழுசாத் திறந்துதானே பிடிச்சீங்க? முழு ஓட்டத்துல பழைய மீட்டர் ஓரளவு சரியாத்தான் காட்டும். குழாயைத் தண்ணி நூல் மாதிரி இறங்குற அளவுக்கு மட்டும் திறந்து, ராத்திரி முழுக்க விட்டு நிரப்பிப் பாருங்க. நிச்சயம் நூறு வராது.

மேல்மாடி:
நான் எதைச் செஞ்சாலும் செல்லாது, உங்க மேசையில செஞ்சாத்தான் செல்லும், அப்படித்தானே?

சோதனைமேசை:
அந்த ட்ரம்ல நூறு லிட்டர் கோடு யார் போட்டது?

மேல்மாடி:
ட்ரம் கம்பெனிக்காரன் போட்டது!

சோதனைமேசை:
அப்ப முதல்ல ட்ரம்மைச் சோதிங்க. மீட்டர் மெதுவாத்தான் ஓடும்.